விழும் தண்ணீரை அளந்தவர்: என்ஜினீயர் ஜான் ஸ்மீட்டனின் வாழ்க்கை

1761-ம் ஆண்டு. லண்டன் நகரில் ஒரே பரபரப்பு. தேம்ஸ் ஆற்றின் மேல் பல நூறு ஆண்டுகளாக நின்ற பழைய லண்டன் பாலம் இடிந்து விழப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பாலத்தின் மேல் நடக்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பாலத்தின் தூண்கள் மிகவும் பருமனானவை. ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றவை. ஆற்றின் பெரும் பகுதியை அவையே அடைத்துக்கொண்டிருந்தன. அதனால் வெள்ளம் பாலத்தின் ஒரு புறம் உயர்ந்து தேங்கும். தூண்களுக்கு இடையே உள்ள கண்கள் வழியாகப் பேரிரைச்சலோடு மறுபுறம் விழும். பெரிய நகரத்தின் நடுவே ஓர் அருவி! பாலத்தின் சில கண்களில் மரச் சக்கரங்களை மாட்டி வைத்திருந்தார்கள். விழும் தண்ணீர் அந்தச் சக்கரங்களைச் சுழற்றியது. சக்கரங்கள் பம்புகளை இயக்கி, நகரத்து வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் ஏற்றின.

படகுகள் போக வழி வேண்டும் என்று 1759-ல் நடுவில் இருந்த ஒரு தூணை எடுத்துவிட்டு, இரண்டு கண்களை ஒரே கண்ணாக்கினார்கள். வந்தது வினை. ஆற்று வெள்ளம் முழுவதும் அந்த அகன்ற வழியை நோக்கிப் பாய்ந்தது. அடியில் இருந்த மண்ணை அரித்தது. பக்கத்துத் தூண்களின் அடிவாரம் பள்ளமாயிற்று.

என்ன செய்வது? அதிகாரிகள் தவித்தார்கள். வடக்கே யார்க்ஷயர் மாகாணத்தில் இருந்த ஒரு மனிதரை உடனே அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தார். ஆழத்தை அளந்து பார்த்தார். கற்களைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் கொட்டச் சொன்னார். அவ்வளவு கல்லுக்கு உடனே எங்கே போவது? நகரத்தின் பழைய கோட்டை வாசல்களை இடித்து, கற்களை அப்போதுதான் விற்றிருந்தார்கள். விற்ற கல்லையே திரும்ப வாங்கச் சொன்னார் அவர். அப்படியே வாங்கி, வண்டி வண்டியாகக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டினார்கள். அரிப்பு நின்றது. பாலம் பிழைத்தது.

அந்த மனிதர்தான் ஜான் ஸ்மீட்டன். விழும் தண்ணீரின் பலம் எவ்வளவு என்று அளந்து பார்த்து உலகுக்குச் சொன்னவர். பழைய ஆலைகளின் சக்கரங்களை ஆராய்ந்து, அவை முன்னிலும் அதிகமாக உழைக்க வழி கண்டவர். அவருடைய வாழ்க்கையைக் கேளுங்கள்.

குளம் வற்றியது

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு அருகே ஆஸ்தார்ப் என்று ஓர் ஊர். அங்கே 1724-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி ஸ்மீட்டன் பிறந்தார். தகப்பனார் வக்கீல். வசதியான குடும்பம்.

பையனுக்குப் பொம்மைகளில் ஆசை இல்லை. தச்சர்கள் வேலை செய்யும் இடத்தில்தான் போய் உட்காருவான். அவர்கள் உளி பிடிப்பதையும் துளை போடுவதையும் கண் கொட்டாமல் பார்ப்பான். மிகச் சிறு வயதிலேயே ஒருநாள் வீட்டுக் களஞ்சியத்தின் கூரை மீது ஏறி நின்றானாம். கீழே இருந்தவர்கள் பதறிப் போனார்கள். அவனோ தான் செய்த குட்டிக் காற்றாலையைக் கூரை உச்சியில் பொருத்திக்கொண்டிருந்தான்!

இன்னொரு கதையும் உண்டு. பக்கத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஒரு நீராவி என்ஜினை நிறுவினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பையன், அதேபோலச் சிறிதாக ஒன்று செய்தான். அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டுமே? வீட்டுத் தோட்டத்தில் தகப்பனார் மீன் வளர்த்த குளம் இருந்தது. அதில் வைத்து இறைத்தான். குளம் வற்றிவிட்டது. மீன்கள் செத்தன. தகப்பனாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வேலை வேண்டாம்

மகனும் தன்னைப் போல வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். 1742-ல் சட்டம் படிக்க அவரை லண்டனுக்கு அனுப்பினார். ஸ்மீட்டனும் போனார். கோர்ட்டுகளில் உட்கார்ந்து வாதங்களைக் கேட்டார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை.

கடைசியில் தகப்பனாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் மனம் எந்தத் தொழிலில் இருக்கிறது என்பதைப் பணிவோடு விளக்கினார். அந்தக் காலத்தில் வக்கீல் என்றால் கௌரவம். கையால் செய்யும் தொழில் என்றால் ஒரு படி கீழே. ஆனாலும் தகப்பனார் பிள்ளையின் மனத்தைப் புரிந்துகொண்டார். இஷ்டம்போல் செய்யும்படி விட்டுவிட்டார்.

ஸ்மீட்டன், நுட்பமான அளவுக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றார். லண்டனில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். கப்பலுக்கு வேண்டிய திசைகாட்டி, காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பு, சூட்டினால் உலோகம் எவ்வளவு நீளுகிறது என்று காட்டும் கருவி ஆகியவற்றைத் திருத்தமாகச் செய்தார். விஞ்ஞானிகளின் பெரிய சங்கமாகிய ராயல் சொசைட்டி 1753-ல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 28 தான்.

ஒரு மயிரிழை பிசகினாலும் கருவி பொய் சொல்லும். அந்தத் தொழில் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. எதையும் கண்ணால் மதிப்பிட்டு முடிவு கட்டக்கூடாது. அளந்து பார்த்த பிறகே பேச வேண்டும். அவர் வாழ்நாள் முழுவதும் விடாத பழக்கம் அது.

எந்தச் சக்கரம் நல்லது?

அந்த நாளில் மின்சாரம் கிடையாது. நீராவி என்ஜின் பெரும்பாலும் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கவே பயன்பட்டது. கோதுமை அரைக்கவும், கம்பளித் துணியை அடித்துக் கெட்டிப்படுத்தவும், இரும்பு உலைக்குக் காற்று ஊதவும் ஆற்றுத் தண்ணீர்தான் துணை. ஆற்றங்கரைகளில் வரிசையாக ஆலைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மரச் சக்கரம். உள்ளே நம் வீட்டுத் திருகைபோல ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பெரிய கற்கள். சக்கரம் சுற்றினால் மேல் கல் சுற்றும். மாவு கொட்டும்.

சக்கரங்களில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, ஓடும் தண்ணீர் சக்கரத்தின் அடிப்பாகத்தில் மோதித் தள்ளுவது. இதை அடிச்சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, தண்ணீரை வாய்க்கால் மூலம் சக்கரத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து விடுவது. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றித் தொட்டிகள் இருக்கும். தொட்டியில் நிறைந்த தண்ணீரின் கனத்தால் சக்கரம் சுற்றும். இதை மேல்சக்கரம் என்போம்.

இரண்டில் எது நல்லது? இங்குதான் குழப்பம். மேல்சக்கரம் பத்து மடங்கு உயர்ந்தது என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய நிபுணர் எழுதியிருந்தார். இல்லை, அடிச்சக்கரமே ஆறு மடங்கு உயர்ந்தது என்று பிரான்சில் ஒரு பெரிய நிபுணர் எழுதியிருந்தார். இருவரும் படித்தவர்கள். ஆலை கட்டுகிறவர்கள் யாரை நம்புவது? அப்பன் செய்ததைப் பார்த்துப் பிள்ளை செய்தான். அவ்வளவுதான்.

இதை ஒரு சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். ஓர் ஆற்றில் கிடைக்கும் தண்ணீர் இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. கோடையில் அதுவும் குறையும். சக்கரம் தவறாக அமைந்தால் பாதித் தண்ணீர் வீண். ஆலை நின்றால் மாவு இல்லை. மாவு இல்லை என்றால் ஊருக்கு ரொட்டி இல்லை.

ஸ்மீட்டன் யாருடைய வாதத்தையும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 1752, 1753-ம் ஆண்டுகளில் தாமே ஒரு சிறிய ஆலையைச் செய்தார். இரண்டு அடி குறுக்களவு உள்ள சக்கரம். மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே விழுந்த தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற ஒரு கைப்பம்பு. பம்பை ஒரு தடவை அடித்தால் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பது தெரியும். ஆகவே பம்பு அடித்த எண்ணிக்கையைக் கொண்டே செலவான தண்ணீரைக் கணக்கிட்டார். சக்கரத்தின் அச்சில் ஒரு கயிறு; கயிற்றின் நுனியில் எடைக்கற்கள் வைத்த தட்டு. சக்கரம் சுற்றினால் தட்டு மேலே ஏறும். எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டார்.

தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். உயரத்தை மாற்றினார். எடையை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்தார்.

கிடைத்த முடிவு என்ன? இரண்டு நிபுணர்களுமே தவறு! ஒரே அளவு தண்ணீர், ஒரே உயரத்திலிருந்து விழும்போது, மேல்சக்கரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்தது. அடிச்சக்கரத்திலோ தண்ணீரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டமாக இருந்தது.

காரணமும் சொன்னார். தண்ணீர் வேகமாக வந்து பலகையில் மோதும்போது சிதறுகிறது, சுழிக்கிறது, நுரைக்கிறது. பலம் அங்கேயே வீணாகிறது. தொட்டியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்த தண்ணீர் சிதறுவதில்லை. தன் கனத்தால் கடைசிவரை சக்கரத்தை இழுக்கிறது. மோதுகிற தண்ணீரைவிட, அமர்ந்து இறங்குகிற தண்ணீருக்கு உழைப்பு அதிகம். சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதும் தப்பு; நிதானமாகச் சுற்றினால்தான் பலன் அதிகம் என்பதையும் கண்டார்.

இவ்வளவு பெரிய உண்மையைக் கண்ட பிறகும் அவர் உடனே தம்பட்டம் அடிக்கவில்லை. பொம்மைச் சக்கரத்தில் சரியாக இருப்பது நிஜ ஆலையிலும் சரியாக இருக்குமா என்ற சந்தேகம் அவருக்கு. உண்மையான ஆலைகளில் செய்து பார்த்தார். காற்றாலைகளுக்கும் இதேபோல ஒரு சோதனை நடத்தினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1759-ல்தான் தம் கட்டுரையை ராயல் சொசைட்டியில் வாசித்தார். அந்த ஆண்டின் காப்ளி பதக்கத்தைச் சங்கம் அவருக்கு அளித்தது. அந்தச் சங்கத்தின் மிக உயர்ந்த பரிசு அது.

அதன் பிறகு, இடம் கிடைத்த ஊர்களில் எல்லாம் மேல்சக்கரம் வைத்தார்கள். போதிய உயரம் இல்லாத ஊர்களில், சக்கரத்தின் நடு உயரத்தில் தண்ணீரை விடும் முறையை ஸ்மீட்டன் சொல்லிக்கொடுத்தார். நனைந்தும் காய்ந்தும் உளுத்துப்போகும் மர அச்சுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு அச்சைக் கொண்டுவந்தார்.

கடல் நடுவே ஒரு விளக்கு

ஸ்மீட்டன் என்றதும் ஆங்கிலேயருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கலங்கரை விளக்கம். பிளிமத் துறைமுகத்திலிருந்து 14 மைல் தூரத்தில் எடிஸ்டன் என்ற பாறைக் கூட்டம் கடலில் ஒளிந்து கிடக்கிறது. அதில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம். அங்கே முதலில் கட்டிய விளக்கை 1703-ம் ஆண்டுப் புயல், கட்டியவரோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவதாக மரத்தால் கட்டியது 1755-ல் எரிந்து போயிற்று. மூன்றாவதைக் கட்டும் பொறுப்பு ஸ்மீட்டனிடம் வந்தது.

அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுக்கும் ஓக் மரத்தைப்போலக் கல் கோபுரத்தை வடிவமைத்தார். ஒரு கல்லின் பல் இன்னொரு கல்லின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்படி, தச்சர்கள் பலகையைக் கோப்பதுபோலக் கற்களைக் கோத்தார். தண்ணீருக்குள்ளேயே இறுகும் சுண்ணாம்புக் காரை வேண்டும். பல ஊர்ச் சுண்ணாம்பை வரவழைத்துச் சோதித்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்தான் தண்ணீரில் இறுகும் என்று கண்டார். பின்னாளில் சிமெண்டு பிறந்ததற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கியமான படி.

1759-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அங்கே விளக்கு ஏற்றினார்கள். 24 மெழுகுவத்திகளின் ஒளி அது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோபுரம் அலைகளைத் தாங்கி நின்றது.

ஆறு, அருவி, ஆலை

கலங்கரை விளக்க வேலை கோடையில்தான் நடக்கும். குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த ஓய்விலும் ஸ்மீட்டன் சும்மா இருக்கவில்லை. 1757-ம் ஆண்டுக் கடைசியில் சொந்த மாகாணமாகிய யார்க்ஷயரில் கால்டர் என்னும் ஆற்றை அளக்கப் போனார்.

அது மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு. மேலே ஹாலிபாக்ஸ் ஊர் நெசவுக்குப் பேர் பெற்றது. அங்கே உள்ள கம்பளித் துணி சந்தைக்குப் போக வேண்டும். கீழிருந்து கம்பளி நூலும் தானியமும் மேலே வர வேண்டும். ரோடுகளோ சேறு. ஆற்றில் படகு விட்டால் பாரம் சுலபமாகப் போகும் என்று வியாபாரிகள் ஆசைப்பட்டார்கள்.

ஆனால் ஆற்றில் எங்கும் ஆலைகள். ஒவ்வோர் ஆலைக்காரரும் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டித் தண்ணீரை உயர்த்தியிருந்தார். ஒவ்வோர் அணையும் ஒரு சிறிய அருவி. படகு அதில் எப்படி ஏறும்? இதற்கு முன்பு ஒரு தடவை வியாபாரிகள் முயன்றபோது, நிலக்காரர்களும் ஆலைக்காரர்களும் எதிர்த்துப் பார்லிமெண்டில் தோற்கடித்துவிட்டார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. படகுக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் சக்கரம் நின்றுபோகுமே! ஒருவருக்கு வியாபாரம், இன்னொருவருக்குப் பிழைப்பு.

இந்த வழக்கை வாதத்தால் தீர்க்க முடியாது, அளவால்தான் தீர்க்க முடியும் என்று ஸ்மீட்டன் நினைத்தார். ஆற்றங்கரையோடு நடந்தார். ஒவ்வோர் அணையிலும் நீர் எத்தனை அடி விழுகிறது, எங்கே ஆலை, எங்கே திருப்பம், எங்கே ஆழம் என்று அளந்து படமாக வரைந்தார். வேக்பீல்டு முதல் ஹாலிபாக்ஸ் பக்கம் வரை சுமார் 24 மைல். அந்தத் தூரத்துக்குள் ஆறு 178 அடி இறங்கி வருவது தெரிந்தது.

அவர் சொன்ன வழி இது. ஆலைகளின் அணைகளை இடிக்க வேண்டாம். அணை உள்ள இடங்களில் ஆற்றை ஒட்டி வாய்க்கால் வெட்ட வேண்டும். வாய்க்காலில் இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி கட்ட வேண்டும். கீழ்க் கதவைத் திறந்தால் படகு தொட்டிக்குள் வரும். அதை மூடி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு தானே உயரும். பிறகு மேல் கதவைத் திறந்தால் படகு மேலே போய்விடும். படிக்கட்டில் ஏறுவதுபோல 26 தொட்டிகளில் ஏறிப் படகு மலைப் பக்கம் சேர்ந்துவிடும்.

எண்ணும் படமும் கையில் இருந்ததால் பேச்சு குறைந்தது. 1758-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. வேலையைச் சில ஆண்டுகள் ஸ்மீட்டனே நடத்தினார். பிறகு வேறு என்ஜினீயர் கைக்கு மாறியது. நடுவே வெள்ளம் வந்து சேதம் செய்தது. 1770-ல் வேலை நிறைவேறி, படகுகள் மேலே ஏறின.

கால்டர் ஒன்று மட்டும் அல்ல. அதன் பிறகு எத்தனையோ ஆறுகளை அவர் அளந்தார். பல பழைய ஆலைகளை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். புதிய ஆலைகளுக்குத் தம் கையாலேயே படம் வரைந்தார். லண்டன் பாலத்தில் தண்ணீர் ஏற்றும் சக்கரங்களுக்கும் புதிதாக ஒன்று அமைத்துக் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் பெர்த், கோல்ட்ஸ்ட்ரீம் என்ற ஊர்களில் பெரிய பாலங்களும் கட்டினார்.

கோபுரத்து அறை

ஆஸ்தார்ப் வீட்டுத் தோட்டத்தில் அவர் தமக்காக நான்கு அடுக்குக் கோபுரம் ஒன்று கட்டிக்கொண்டார். கீழே உலைக்களம். அதற்கு மேல் கடைசல் பட்டறை. அதற்கும் மேலே மாதிரிகளும் படங்களும். உச்சியில் நட்சத்திரம் பார்க்கும் அறை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று உத்தரவு.

பணத்தில் அவருக்குப் பேராசை இல்லை. ரஷ்யச் சக்கரவர்த்தினி காதரின், பெரும் சம்பளம் தருவதாகச் சொல்லி அழைத்தும் அவர் போகவில்லை என்று குறிப்பு உண்டு. தம் நாட்டு ஆறுகளே தமக்குப் போதும் என்று இருந்துவிட்டார்.

அந்த நாளில் என்ஜினீயர் என்றால் கோட்டையும் பீரங்கி மேடையும் கட்டும் ராணுவ என்ஜினீயர்தான். பாலம், கால்வாய், ஆலை என்று பொது மக்களுக்காக வேலை செய்பவர் என்ற பொருளில், தம்மைச் சிவில் என்ஜினீயர் என்று சொல்லிக்கொண்ட முதல் சிலரில் ஸ்மீட்டனும் ஒருவர். 1771-ல் அவரும் நண்பர்களும் லண்டனில் ஒரு சிவில் என்ஜினீயர்கள் சங்கம் தொடங்கினார்கள். அவர் பெயரைத் தாங்கி அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

நீராவி என்ஜினையும் அவர் விடவில்லை. 1769-ல் நியூகாசில் வட்டாரத்துச் சுரங்கங்களில் இருந்த என்ஜின்களைப் பட்டியல் எடுத்தார். பதினைந்து என்ஜின்களை வரிசையாகச் சோதித்தார். எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று அளந்தார். ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். புதிய கொள்கை எதுவும் கண்டுபிடிக்காமல், அளந்து திருத்தியே அந்தப் பழைய என்ஜினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்ய வைத்தார்!

பாலம் விழுந்தது

இவ்வளவு கவனமான மனிதருக்கும் ஓர் அடி விழுந்தது. வடக்கு இங்கிலாந்தில் ஹெக்ஸாம் என்ற ஊரில் டைன் ஆறு ஓடுகிறது. பொல்லாத ஆறு. 1771-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அங்கே கட்டி ஓராண்டே ஆன பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி ஒருவர் முயன்று கைவிட்டார். பிறகு ஸ்மீட்டனைக் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார்.

ஆற்றின் அடியில் பாறை இல்லை. சரளைக் கல் படுகைதான். அது தாங்கும் என்று கணக்கிட்டு, அதன் மேலேயே தூண்களை அமர்த்தினார். சுற்றிலும் கற்களைப் போட்டுக் காப்புச் செய்தார். 1777-ல் தொடங்கிய வேலை 1780-ல் முடிந்தது. ஒன்பது கண்கள் கொண்ட அழகான பாலம்.

1782-ம் ஆண்டு மார்ச் மாதம். பனியும் புயலும் சேர்ந்து டைன் ஆற்றில் திடீர் வெள்ளம். பாலத்தின் மேல்புறத்தில் தண்ணீர், கீழ்ப்புறத்தைவிடப் பல அடி உயர்ந்து நின்றது. அங்கிருந்து கண்கள் வழியே பாய்ந்து விழுந்தது. படுகையை அரித்தது. தூண்கள் அமிழ்ந்தன. சிறிது நேரத்தில் பாலம் சரிந்து போயிற்று.

வாழ்நாள் முழுவதும் விழும் தண்ணீரை அளந்தவர் அவர். லண்டன் பாலத்தை அதே அரிப்பிலிருந்து காத்தவர் அவர். அவர் கட்டிய பாலத்தையே விழும் தண்ணீர் கொண்டுபோனது! அந்த ஆற்றில் வெள்ளம் அவ்வளவு உயரத்துக்குத் தேங்கி, அவ்வளவு வேகமாக விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் கட்டிய பாலங்களில் விழுந்தது அது ஒன்றுதான். ஆனாலும் அவர் மனம் மிகவும் நொந்தது. முப்பது ஆண்டு உழைத்துச் சம்பாதித்த பேருக்கு அது ஒரு தழும்பு.

அப்போதும் அவர் பழியை வேலையாட்கள் மீது போடவில்லை. தம் கணக்கு எங்கே தவறியது என்றே பார்த்தார். பின்னர் வேறொரு என்ஜினீயர், ராபர்ட் மில்ன் என்பவர், அடித்தளத்தைப் பலப்படுத்தி, ஸ்மீட்டனின் வடிவத்திலேயே அந்தப் பாலத்தை மறுபடி கட்டினார். 1793-ல் எழும்பிய அந்தப் பாலம், பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்டு, இன்றும் வண்டிகளைச் சுமக்கிறது. வடிவத்தில் குற்றம் இல்லை. அளக்காமல் விட்ட அடிப்படுகையில்தான் குற்றம்.

கடைசி நாட்கள்

1784-ல் மனைவி காலமானார். ஸ்மீட்டன் மெல்ல மெல்ல வேலைகளைக் குறைத்துக்கொண்டார். தாம் செய்த வேலைகளை எழுதி வைத்துவிட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்பது அவர் ஆசை. எடிஸ்டன் விளக்கைப் பற்றிய பெரிய புத்தகத்தை 1791-ல் வெளியிட்டார்.

மறு ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. 1792-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி, தாம் பிறந்த ஊரிலேயே, 68-வது வயதில் உயிர் நீத்தார். பக்கத்தில் விட்கர்க் என்ற ஊர் மாதாகோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள். அங்குள்ள நினைவுக் கல்லில் கலங்கரை விளக்கின் உருவம் இருக்கிறது.

அவர் வரைந்து வைத்த ஆலைப் படங்கள் வீணாகவில்லை. ராயல் சொசைட்டியில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவர் எழுதிய அறிக்கைகளை 1812-ல் மூன்று பாகங்களாக அச்சிட்டார்கள். அந்த ஆலைகளில் பல மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால் அவற்றின் சக்கரம் எத்தனை அடி, நீர் விழுந்த உயரம் எத்தனை அடி என்பது அவர் தாளில் நிற்கிறது.

எடிஸ்டன் கோபுரத்துக்கும் ஒரு கதை உண்டு. கோபுரம் உறுதியாகவே இருந்தது. அது நின்ற பாறையைத்தான் கடல் அரித்துவிட்டது. அதனால் 1882-ல் பக்கத்துப் பாறையில் புதிய விளக்கு கட்டினார்கள். ஸ்மீட்டனின் கோபுரத்தைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து பிளிமத் கடற்கரை மேட்டில் மறுபடி நிறுத்தினார்கள். அடிப்பாகத்தை மட்டும் கழற்ற முடியவில்லை. அவ்வளவு உறுதி! அது இன்றும் கடலிலேயே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1759-ம் ஆண்டுக் கட்டுரையில், காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும் என்ற ஒரு அட்டவணையை, நண்பர் ஒருவர் தயாரித்ததை, ஸ்மீட்டன் சேர்த்திருந்தார். அதிலிருந்து எடுத்த எண்ணுக்கு உலகம் ஸ்மீட்டன் எண் என்று பெயர் வைத்தது. ஆகாய விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் முதலில் அதை நம்பித்தான் இறக்கை செய்தார்கள். எதிர்பார்த்தபடி அது எழும்பவில்லை. 1901-ல் தாமே அளந்து பார்த்தார்கள். அந்த எண் அதிகம் என்று தெரிந்தது. சரியான எண்ணைக் கண்டார்கள், 1903-ல் பறந்தார்கள்.

ஸ்மீட்டன் உயிரோடு இருந்திருந்தால் அதற்காக வருந்தியிருக்க மாட்டார். பெரியவர்கள் எழுதியது என்பதற்காக ஒன்றை அவர் நம்பியதில்லை. அவர் பெயரைத் தாங்கிய எண்ணையும் இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள் அப்படியே நம்பிவிடாமல் அளந்து பார்த்தார்கள். அவர் காட்டிய வழி அதுதானே!